ஏன் இப்பல்லாம் எழுதுறதே இல்ல? அடிக்கடி கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

இந்தப் பக்கத்துல எழுதுறத நிறுத்தி அஞ்சு மாசம் ஆகுது. ஆறு வருஷமா சமையல், புள்ள வளப்பு, எங்க மதுரைத் தெருக்கதைன்னு வாரத்துக்கு ரெண்டு தடவையாவது எழுதிட்டு இருந்தவ திடீர்னு காணாம போனா கேக்கத்தான் செய்வாங்க. ஃபோன்ல, கல்யாண வீட்டுல, மார்க்கெட்ல பாக்குறப்ப எல்லாம் அதே கேள்விங்கதான் வருது, ஒவ்வொருத்தருக்கும் அரகொறையா ஒரு பதில் சொல்லிட்டு வீட்டுக்கு வந்தப்புறம் அய்யோ சரியா சொல்லலயேன்னு மனசு அடிச்சுக்குது. அதான் தம்பி தூங்குற நேரம் பாத்து நாலஞ்சு நாளா கொஞ்சம் கொஞ்சமா உக்காந்து இத எழுதிருக்கேன். பெரியவ பொண்ணு, மூணரை வயசு, சின்னவன் பையன், எட்டு மாசம். பேர் போடல, பாப்பா தம்பின்னே சொல்றேன். ஏன் போடலங்கறதும் கீழ ஒரு கேள்வியா இருக்கு.

மொத்தமா நிறுத்திட்டீங்களா, இல்ல கொஞ்ச நாள் லீவா?

லீவுன்னு சொன்னா தேதி கேப்பீங்க, எங்கிட்ட தேதி இல்ல. இப்போதைக்கு நிறுத்தியாச்சு, அம்புட்டுதான்.

நேரம் இல்லாததுதான் காரணமா?

எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க, நானும் முதல்ல அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன். நேரம் இல்லைங்கறது உண்மைதான், ஆனா அது பாதி உண்மை. மீதிய அடுத்த கேள்வில சொல்றேன், முதல்ல என் நாள் எப்படி போகுதுன்னு சொல்லிடறேன்.

காலையில அஞ்சே காலுக்கு தம்பி முழிச்சிருவான், அலாரமே வேணாம். எங்க தெருவுல நல்ல தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான், வந்தா ஆறு மணிக்குள்ள குடத்த வச்சு பிடிச்சு முடிச்சிரணும், அந்த நேரத்துல அவன இடுப்புல வச்சுக்கிட்டே ஒரு கையால ஹோஸ பிடிச்சிட்டு நிப்பேன். ஏழு மணிக்கு பாப்பா எந்திரிப்பா, எந்திரிச்ச உடனே பேச மாட்டா, கால் மணி நேரம் என் மடியிலயோ அத்தை, அதாவது என் மாமியார், மடியிலயோ சும்மா உக்காரணும், அத அவசரப்படுத்துனா அன்னைக்கு முழுக்க அழுகைதான், இது எனக்கு புரியவே ரெண்டு வருஷம் ஆச்சு. ஒம்போது மணிக்கு அவள பிரீகேஜில விட்டுட்டு வந்து தம்பிக்கு குளியல், சாப்பாடு, தூக்கம். அவன் தொட்டில்ல தூங்குற ஒன்றரை மணி நேரத்துலதான் என் ஆபீஸ் வேலை. ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்கு வீட்டுல இருந்தே கணக்கு பாத்து குடுக்குறேன், மாசம் 11ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர் 1, 20ம் தேதி 3பின்னு ரெண்டு ஜி.எஸ்.டி வரிக் கணக்கு தாக்கல் பண்ணணும், இந்த ரெண்டு தேதியும் தலைக்கு மேல கத்தி மாதிரி. கடைக்காரங்க பில்ல எல்லாம் பத்தொம்போதாம் தேதி ராத்திரிதான் வாட்ஸ்அப்ல போட்டோ எடுத்து அனுப்புவாங்க, அதுவும் பாதி மங்கலா இருக்கும். பன்னெண்டரைக்கு பாப்பா வந்துருவா, அதுக்கப்புறம் என் நாள் என் கையில இல்ல.

2019ல மத்திய அரசு நாடு முழுக்க ஒரு நேரக் கணக்கெடுப்பு எடுத்தாங்க. அதுல சம்பளம் இல்லாத வீட்டு வேலைக்கு, அந்த வேலை செய்ற பொம்பளைங்க ஒரு நாளைக்கு சராசரியா 299 நிமிஷம் செலவழிக்கிறாங்க, செய்ற ஆம்பளைங்க 97 நிமிஷம்னு வந்துச்சு. புள்ளைய, பெரியவங்கள பாத்துக்கறது இதுல சேராது, அது தனிக் கணக்கு. அந்த நம்பர படிச்சப்ப எனக்கு கோவம் வரல, ஒரு ஆறுதல்தான் வந்துச்சு, ஏன்னா இம்புட்டு வேலை செஞ்சும் நாள் முடியறப்ப என்னத்த செஞ்சோம்னு ஒண்ணுமே கண்ணுக்கு தெரியாது பாருங்க, அத யாரோ உக்காந்து நிமிஷ கணக்கா எண்ணி எழுதி வச்சிருக்காங்களேன்னு.

அப்ப மீதி காரணம் என்ன?

இத சொல்றதுக்கு கொஞ்சம் தைரியம் வேணும். போன கார்த்திகை மாசம் பாப்பாவுக்கு ராத்திரி காய்ச்சல் ஏறிருச்சு. எங்க வீட்டுக்காரர் மருந்துக் கம்பெனி ரெப், அன்னைக்கு தேனி லைன்ல இருந்தாரு. தம்பிய அத்தைகிட்ட விட்டுட்டு பக்கத்து வீட்டு அண்ணனோட ஆட்டோல ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனேன், மணி ஒன்றரை இருக்கும். டோக்கன் வாங்கிட்டு பெஞ்சில உக்காந்திருக்கேன், அவ என் தோள்ல அனல் மாதிரி சாஞ்சு கெடக்கா. நர்ஸ் அக்கா வந்து, காய்ச்சல் எப்பம்மா ஆரம்பிச்சுச்சு, கடைசியா மருந்து எத்தனை மணிக்கு குடுத்த, எத்தனை எம்.எல்.னு கேட்டாங்க. எனக்கு சொல்ல தெரியல. எட்டு மணியா பத்து மணியான்னு யோசிக்கிறேன், ஒண்ணும் வரல. காய்ச்சல் மருந்து புள்ளையோட எடைக்கு ஏத்த அளவுதான் குடுக்கணும், நாலு மணி நேரமாவது இடைவெளி விடணும், இத நானே மத்தவங்களுக்கு எழுதி சொல்லிருக்கேன்.

ஆனா அந்த நேரத்துல எனக்கு என்ன ஞாபகம் இருந்துச்சு தெரியுமா. அந்த செவுத்துல பச்சை டைல்ஸ், அதுல மூணாவது வரிசையில ஒரு டைல் மட்டும் வேற பச்சை. வாட்ச்மேன் தாத்தா ஃபிளாஸ்க்ல இருந்து டீ ஊத்துன சத்தம். எதிர் பெஞ்சில ஒரு அக்கா மஞ்சப்பைய மடியில இறுக்கி பிடிச்சிட்டு உக்காந்திருந்தது. இது எல்லாத்தயும் நான் வரி வரியா மனசுக்குள்ள அடுக்கிட்டு இருந்திருக்கேன். முதல் வரி கூட ரெடியா இருந்துச்சு. புள்ள தோள்ல கொதிக்குது, நான் அத எப்படி எழுதலாம்னு யோசிச்சிட்டு இருக்கேன்.

காய்ச்சல் ரெண்டு நாள்ல இறங்கிருச்சு, சாதாரண வைரல்தான். ஆனா அந்த ராத்திரி எனக்குள்ள இருந்து போகல. வீட்டுக்கு வந்து யோசிச்சு பாத்தா ஆஸ்பத்திரில மட்டும் இல்ல, எல்லா இடத்துலயும் இதத்தான் செஞ்சிட்டு இருந்திருக்கேன். தம்பி முதல் தடவ குப்புற விழுந்தப்ப, அத்தை அவங்க அம்மாவ நெனச்சு அழுதப்ப, நானும் அவரும் சண்ட போட்டு மூணு நாள் பேசாம இருந்தப்ப கூட, ஒரு பாதி மனசு தள்ளி நின்னு குறிப்பு எடுத்துட்டே இருந்துச்சு. எழுதுறவங்க எல்லாருக்கும் இது கொஞ்சமாவது இருக்கும்னு தெரியும், அது தப்புன்னும் நான் சொல்லல. எனக்கு அது அளவு மீறிருச்சு. அதான் நிறுத்துனேன்.

வீட்டுக்காரர் நிறுத்த சொன்னாரா? மாமியார் ஏதும் சொன்னாங்களா?

இந்த கேள்விய கேக்குறவங்க எல்லாம் பாவம் எனக்காக பேசுறதா நெனச்சுதான் கேக்குறாங்க, ஆனா எங்க வீட்டுல ரெண்டு பேருமே அப்படி இல்ல. அவரு நிறுத்துறேன்னு சொன்னதும் ஏன்மா, நல்லாத்தானே போகுதுன்னு கேட்டாரு. வாரத்துல ரெண்டு ராத்திரி வெளியூர்ல தங்குவாரு, அப்ப சாப்டுட்டு லாட்ஜ்ல படுத்துட்டு நான் எழுதுனத படிச்சாத்தான் வீட்டுல என்ன நடந்துச்சுன்னு அவருக்கு தெரியுமாம். அத கேட்டதும் எனக்கு சுருக்குனு இருந்துச்சு. ஊருக்கே சொல்றேன், அவருக்கு ஒரு ஃபோன் போட்டு சொல்லல. இப்ப ஒம்போதரைக்கு புள்ளைங்க படுத்தப்புறம் அவருகிட்ட அர மணி நேரம் பேசுறேன், பல நாள் பேச விஷயமே இருக்காது, ரெண்டு பக்கமும் ஃபேன் ஓடுற சத்தம்தான் கேக்கும், இருந்தாலும் வைக்க மாட்டோம்.

அத்தைக்கு நான் எழுதுறது பிடிக்கும். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாங்க, ஆனா அவங்க சமையல் பத்தி எழுதுனத மட்டும் பாப்பாவுக்கு சத்தமா படிச்சு காமிப்பாங்க.

புள்ளைங்க போட்டோ, பேரு எல்லாத்தயும் ஏன் எடுத்துட்டீங்க?

ஒரு சொந்தக்காரங்க கல்யாணம், திருமங்கலத்துல. பந்திக்கு போறப்ப தூரத்து சொந்தத்துல ஒரு பெரியம்மா, நல்ல மனுஷி, பாப்பாவ தூக்கி கொஞ்சிட்டு, நீதான் இன்னும் ராத்திரி பாயில ஒண்ணுக்கு போறவளான்னு சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டாங்க. அவங்களுக்கு எப்படி தெரியும்? நான்தான் எழுதிருந்தேன். டயப்பர் நிறுத்துற கஷ்டம், எத்தனை பாய் தொவச்சேன், எல்லாத்தயும் மத்த அம்மாமாருக்கு உதவியா இருக்கட்டும்னு எழுதிருந்தேன், உதவியாவும்தான் இருந்துச்சு. ஆனா பாப்பா அன்னைக்கு என் சேலைக் கொசுவத்துக்குள்ள மொகத்த பொதச்சுக்கிட்டு வெளிய வரவே இல்ல, பாயாசம் வச்சப்ப கூட வரல. மூணு வயசுப் புள்ளைக்கு என்ன தெரியும்னு நாம நெனைக்கிறோம், அவளுக்கு வெக்கம் தெரியுது.

அன்னைக்கு ராத்திரி உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்தேன். 2023ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசு ஆகாத புள்ளையோட விவரத்த ஒரு கம்பெனி பயன்படுத்தணும்னா அப்பா அம்மா சம்மதம் வேணும்னு இருக்கு. சரி, அந்த அம்மாவே எடுத்து போட்டா? அத கேக்க ஆளு இல்ல, நாமளேதான் நம்மள கேட்டுக்கணும். சமையல் குறிப்ப எல்லாம் அப்படியே விட்டுட்டேன், அது என்னோடது, எங்க அம்மாவோடது. பாப்பாவோடது அவகிட்டயே இருக்கட்டும்.

வேலைக்கு எப்ப திரும்ப போவீங்க? உங்களுக்கு ஆறு மாசம் சம்பளத்தோட லீவு கிடைச்சிருக்குமே?

கிடைக்கல. நிறைய பேருக்கு இது தெரியறதில்ல, அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன். 2017ல சட்டத்த திருத்தி முதல் ரெண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவுன்னு ஆக்குனாங்க, மூணாவதுன்னா 12 வாரம். தமிழ்நாடு அரசு வேலையில இருக்கவங்களுக்கு 2021 ஜூலையில இருந்து 12 மாசம். ஆனா கடை, ஆபீஸ் மாதிரி இடத்துல பத்து பேராவது வேலை பாத்தாத்தான் அந்த 26 வாரம் கட்டாயம். எங்க ஆபீஸ்ல சாரையும் சேத்து ஏழே பேரு. ரெண்டு மாசம் பாதி சம்பளம் குடுத்தாரு, அதுக்கு மேல அவரால முடியல, நானும் கேக்கல. துணிக்கடை, ஜெராக்ஸ் கடை, கிளினிக்னு நம்ம ஊர்ல பொம்பளைங்க வேலை பாக்குற எத்தனையோ இடம் பத்து பேருக்கு கீழதான், அவங்களுக்கு யாரு லீவு குடுப்பா? அதே மாதிரி 50 பேராவது இருந்தாத்தான் குழந்தைங்க காப்பகம் வைக்கணும்னு இருக்கு. இது மாறணும்னு நான் மனசார நெனைக்கிறேன்.

தம்பிக்கு ஒன்றரை வயசு ஆனதும் அரை நாள் ஆபீஸ் போகலாம்னு இருக்கேன், அதுவும் அத்தைக்கு முட்டி வலி எப்படி இருக்குங்கறத பொறுத்து.

தம்பிக்கு இப்ப என்ன சாப்பாடு குடுக்குறீங்க?

இதுதான் இளம் அம்மாமாரு ரொம்ப கேக்குறது, அதனால பொறுமையா சொல்றேன். ஆறு மாசம் முடியற வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணி கூட குடுக்கல. வெயில்ல மதுரை எப்படி கொதிக்கும்னு உங்களுக்கு தெரியும், அத்தைக்கு மனசே கேக்கல, ஒரு சங்கு தண்ணி குடுத்தா என்னன்னு தெனமும் கேப்பாங்க. அத்தை, தாய்ப்பால்லயே முக்காலுக்கு மேல தண்ணிதான் இருக்காம், டாக்டரம்மா சொல்லிருக்காங்கன்னு நானும் தெனமும் சொல்வேன். கடைசில அவங்களே டாக்டர்கிட்ட வந்து நேரா கேட்டுட்டுத்தான் சமாதானம் ஆனாங்க, அதுவும் சரிதான், பேரன் மேல உள்ள பாசம்தானே.

ஆறு மாசம் முடிஞ்சதும் கேப்பைக் கூழ்ல ஆரம்பிச்சேன். கேப்பைய ராத்திரி ஊற வச்சு, துணியில கட்டி முளை விட்டு, நெழல்ல காய வச்சு, லேசா வறுத்து, மில்லுல தனியா அரைச்சு வாங்கிட்டு வருவேன். மில்லுக்காரர்கிட்ட முன்னாடி மிளகாப்பொடி அரைச்சிருக்காங்களான்னு கேட்டுட்டு குடுங்க, நான் ஒரு தடவ கேக்காம குடுத்துட்டு முழுசா கொட்டுனேன். கூழு தண்ணியா இருக்கக் கூடாது, கரண்டியில எடுத்தா ஒழுகாம நிக்கணும். அப்புறம் ஒவ்வொண்ணா பருப்பு சாதம் நெய் விட்டு மசிச்சது, மசிச்ச வாழைப்பழம், கேரட், இட்லி, வேக வச்ச முட்டை. புதுசா ஒண்ணு குடுத்தா மூணு நாள் அதயே குடுத்து ஒத்துக்குதான்னு பாப்பேன். இப்ப முருங்கைக்கீரையும் பருப்போட சேந்து போகுது. ஒரு வயசு வரைக்கும் உப்பு, சக்கரை கிடையாது, தேன் சொட்டு கூட கிடையாது. பொறந்த உடனே நாக்குல தேன் வைக்கிற பழக்கம் நம்ம பக்கம் இருக்கு, தேன்ல சில சமயம் ஒரு கிருமியோட வித்து இருக்கும், அது பச்சப்புள்ளை குடல்ல வளந்து வெஷத்த உண்டாக்கிரும், கை கால் தொவண்டு போற அளவுக்கு கொண்டு போய் விட்டுரும். இது விஷயத்துல யாரு சொன்னாலும் விட்டுக்குடுக்காதீங்க.

அங்கன்வாடில குடுக்குற சத்துமாவயும் வாங்கிக்கறேன், அத வச்சு கொழுக்கட்டை செஞ்சா பாப்பா நாலு சாப்பிடுவா.

உரை மருந்து, சாம்பிராணி, எண்ணெய் குளியல் இதெல்லாம் செய்றீங்களா?

குளியல் மட்டும் உண்டு. அத அத்தைதான் செய்வாங்க, எனக்கு அந்த கை வராது. கால நீட்டி உக்காந்து ரெண்டு காலுக்கு நடுவுல தம்பிய குப்புற போட்டு, வெதுவெதுன்னு தண்ணிய முழங்கையில ஊத்தி சூடு பாத்துட்டு, முதுகுல ஊத்துவாங்க. அவன் அப்படியே கண்ண சொருகி கெடப்பான். குளிச்சு முடிச்சா ஒன்றரை மணி நேரம் தூக்கம் கேரண்டி.

காதுல மூக்குல எண்ணெய் விடறது வேணாம், மூக்குல விட்டா நுரையீரலுக்கு போயிருமாம். சாம்பிராணி போடுறதும் வேணாம், அந்த பொகை இருமல் பிடிச்ச புள்ளைக்கு ஆகாது, தலைமுடிய துண்டால தொவட்டி காய வச்சாலே போதும். கண்ணுக்குள்ள மை வைக்கிறதில்ல, உள்ளங்கால்ல ஒரு பொட்டு வச்சா திருஷ்டிக்கு திருஷ்டியும் ஆச்சு. உரை மருந்துதான் பெரிய பஞ்சாயத்து. வசம்பும் ஜாதிக்காயும் எத்தனை உரசு உரசுனா எவ்வளவு உள்ள போகுதுன்னு யாருக்கும் கணக்கு கிடையாது, அது கூடிப் போய் மயங்குன புள்ளைய நான் பாத்திருக்கேன்மான்னு டாக்டரம்மா சொன்னாங்க, அதோட நிறுத்தியாச்சு. அத்தைக்கு வருத்தம்தான். அவங்க நாலு புள்ளைய அதக் குடுத்து வளத்தவங்க. வசம்ப வளையல் மாதிரி நூல்ல கோத்து தம்பி கையில கட்டிருந்தாங்க, வாய்ல வச்சு சப்புறான்னு இப்ப அத தொட்டில் கம்புல கட்டி வச்சிருக்காங்க.

தடுப்பூசி எங்க போடுறீங்க?

ஆரம்ப சுகாதார நிலையத்துலதான், புதன்கிழமை. ஆறு, பத்து, பதினாலாவது வார ஊசி எல்லாம் முடிஞ்சது. ஒம்போது மாசம் முடிஞ்சதும் தட்டம்மை ரூபெல்லா ஊசியும் வைட்டமின் ஏ சொட்டும். அட்டைய பத்திரமா வச்சுக்கோங்க, ஸ்கூல்ல சேக்குறப்ப கேப்பாங்க.

பாப்பாவுக்கு தம்பி மேல பொறாமை இருக்கா?

இருந்துச்சு, இருக்கு. அத பொறாமைன்னு சொல்லவே எனக்கு மனசு வரல, அவ அம்மாவ பாதியா பங்கு போட்டு குடுத்திருக்கா. முதல் மாசம் தம்பிய தொட்டில்ல போட்டதும் வந்து நானும் தொட்டில்ல படுப்பேன்னு நிப்பா. எங்க அம்மாவோட பழைய சுங்குடி சேலை அது, ரெண்டு பேர தாங்குமான்னு பயந்தேன், அப்புறம் ஒரு நாள் தம்பி அத்தை மடியில இருக்கப்ப அவள தூக்கி உள்ள போட்டேன். கால் ரெண்டும் வெளிய தொங்குது. ஆராரோ பாடுன்னா, பாடுனேன். பத்து நிமிஷம் கழிச்சு தலைய வெளிய நீட்டி, போதும்மா, இப்ப தம்பிக்கு குடுன்னு அவளே இறங்கிட்டா. அதுக்கப்புறம் வாரத்துக்கு ஒரு தடவ அவளுக்கு தொட்டில் உண்டு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தம்பிய விட்டுட்டு அவள மட்டும் தெப்பக்குளத்துக்கு கூட்டிட்டு போவோம், தண்ணி இருக்கோ இல்லையோ சுத்துச் செவுத்து மேல உக்காந்து பொரி சாப்பிட்டுட்டு வருவோம்.

ஃபோன் குடுத்து சோறு ஊட்டுவீங்களா?

பாப்பாவுக்கு ஒரு காலத்துல குடுத்தேன், மறைக்கல. தம்பிக்கு குடுக்கல. ஒரு வயசுக்கு கீழ திரையே வேணாம், ரெண்டுல இருந்து நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேணாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லிருச்சு. எழுதுறத நிறுத்துனதுல ஒரு நல்லது, என் கையில ஃபோன் இருக்குற நேரமே கொறஞ்சு போச்சு, அவளும் கேக்குறது கொறஞ்சிருச்சு.

மனசுக்கு ஏதும் சரியில்லையா? அதான் ஒதுங்கிட்டீங்களா?

இத கேட்டவங்களுக்கு ரொம்ப நன்றி, நெசமாவே. இந்த தடவ இல்ல. பாப்பா பொறந்தப்ப இருந்துச்சு. அப்ப யாருக்கும் சொல்லல, எழுதவும் இல்ல, இப்ப சொல்றேன். பொறந்து முதல் பத்து நாள் காரணம் இல்லாம அழுகை வர்றது நிறைய பேருக்கு உள்ளதுதான், தானா சரியாயிரும். எனக்கு ரெண்டு மாசம் ஆகியும் போகல. பச்ச உடம்போட அம்மா வீட்டுல இருந்தேன், பத்தியச் சோறு, பூண்டுக் கொழம்பு, எல்லா கவனிப்பும் இருந்துச்சு, ஆனா புள்ள அழுதா எனக்கு எந்திரிக்கவே தோணாது, நான் இல்லாட்டி இவ நல்லா இருப்பான்னு ஒரு எண்ணம் வந்துட்டே இருக்கும். எங்க அம்மாதான் கண்டுபிடிச்சு, இது கண்ணேறும் இல்ல காத்துக் கருப்பும் இல்ல, வா டாக்டர்கிட்டன்னு கூட்டிட்டு போனாங்க. எட்டாங்கிளாஸ் வரைக்கும்தான் படிச்சவங்க. மருந்து சாப்டேன், சரியாச்சு. ரெண்டு வாரத்துக்கு மேல அந்த இருட்டு விலகலன்னா தயவு செஞ்சு டாக்டர பாருங்க. வெளிய போக முடியலன்னா 14416க்கு கூப்பிடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட இலவச நம்பர், ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

அந்தக் காலத்துல புள்ள குட்டியோட எழுதலயா? உங்களால மட்டும் ஏன் முடியல?

எழுதுனாங்க. வை.மு. கோதைநாயகி அம்மாள் எழுதப் பழகுறதுக்கு முன்னாடியே கதைய வாயால சொல்ல, அவங்க தோழி பட்டம்மாள் எழுதிக் குடுத்திருக்காங்க, அப்படி ஆரம்பிச்சவங்க நூறு நாவலுக்கு மேல எழுதிட்டாங்க. நெனச்சா மலைப்பா இருக்கு. எனக்கு அந்தக் கதையில பட்டம்மாள்தான் கண்ணுக்கு தெரியறாங்க. பக்கத்துல உக்காந்து கேட்டு எழுத ஒரு ஆளு இருந்தது எவ்வளவு பெரிய கொடுப்பினை.

எழுதாம இருக்க கஷ்டமா இல்லையா? இப்ப ஒண்ணுமே எழுதுறதில்லையா?

முதல் மாசம் ரொம்ப கஷ்டம். கை பரபரன்னு இருக்கும். யாரோ ஏதோ சொன்னா ஃபோன தேடும். யாரும் என்ன தேடலயோன்னு ஒரு ஏக்கம் வேற, தேடுனா ஏன் தேடுறாங்கன்னு ஒரு படபடப்பு.

இப்ப ஒண்ணு செய்றேன். எங்க வீட்டுல செவுத்துல தினசரி காலண்டர் தொங்குது, மளிகைக்கடையில குடுத்தது. காலையில தாள கிழிக்கிறது அத்தை வேலை, நல்ல நேரம், ராகு காலம் பாத்துட்டு கிழிப்பாங்க. முன்னாடி அத கசக்கி போட்டுருவாங்க, இப்ப எனக்காக டப்பாவுல போட்டு வைக்கிறாங்க. ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி அந்த தாளோட பின்பக்கம் ஒரே ஒரு வரி எழுதுறேன், அம்புட்டு இடம்தான் அதுல இருக்கும். "தம்பி இன்னைக்கு அத்தை மூக்குத்திய பிடிச்சு இழுத்தான்." "பாப்பா தோசைய நிலான்னு சொல்லாம சட்டின்னு சொன்னா." "காய்ச்சல் இல்ல. மழை." சில நாள் "தூக்கம்" மட்டும்தான் இருக்கும். யாருக்கும் காட்டுறதில்ல, அவரு மட்டும் ஊர்ல இருந்து வந்தா அந்த டப்பாவ தொறந்து ரெண்டு நாள் தாள எடுத்து படிப்பாரு. காய்ச்சல் வந்தா மருந்து குடுத்த மணியும் அதுலயேதான் எழுதுறேன்.

அந்த பருப்புப் பொடி அளவு மட்டும் ஒரு தடவ சொல்லிருங்க, பழசுல தேடி கிடைக்கல.

சொல்றேன், இதுதான் நிறைய பேரு கேட்டது. தொவரம்பருப்பு ஒரு டம்ளர், பொட்டுக்கடலை கால் டம்ளர், காஞ்ச மிளகா ஆறு, மிளகு ஒரு ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், பூண்டு தோலோட எட்டு பல், கட்டிப் பெருங்காயம் சுண்டக்கா அளவு, கல்லுப்பு. பருப்ப எண்ணெய் விடாம சிறு தீயில செவக்க வறுங்க, இதுலதான் எல்லாம் இருக்கு, அவசரப்பட்டு தீய கூட்டுனா வெளிய கருகி உள்ள பச்சை வாடை அடிக்கும். கட்டாயம் கால் மணி நேரம் ஆகும். மிச்சத்த தனித்தனியா வறுத்து, பூண்ட மட்டும் நல்லா சுருள விட்டு, பொட்டுக்கடலைய கடைசில சூட்டுல பெரட்டி, ஆறுனதும் அரைங்க. ரொம்ப நைசா வேணாம், ரவை பதம். பூண்டு போட்டதால ஒரு மாசத்துக்கு மேல வைக்காதீங்க, ஈரக் கரண்டி போடாதீங்க. புள்ளைங்களுக்குன்னா மிளகாய ரெண்டா கொறச்சு மிளகயும் பாதியாக்கி தனியா அரைச்சு வச்சுக்கோங்க, பாப்பா அதத்தான் நெய்ச் சோத்துல போட்டு சாப்பிடுறா.